துணிகள் நீண்ட நாள் உழைக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழிந்த, தையல் பிரிந்த துணிகளைச் சீர்செய்து கொடுப்பது என் வேலை. என் மேசைக்கு வருபவற்றில் உடுத்தித் தேய்ந்த துணிகள் குறைவு. துவைத்தும் பிழிந்தும் சூடுகாட்டியும் தேய்ந்தவையே மிகுதி. துணியைக் கொடுக்க வருபவர்கள் கேட்கும் ஐயங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக வரும்.

1. ஒருமுறை போட்டாலே துவைக்கப் போட்டுவிட வேண்டுமா?

உடலோடு ஒட்டி வியர்வையை வாங்கும் உள்ளாடை, காலுறை, பனியன், உடற்பயிற்சி உடை ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் துவைக்கத்தான் வேண்டும். ஆனால் கோட்டு, ஸ்வெட்டர், ஜீன்ஸ் போன்றவற்றுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கறையும் வாடையும் இல்லையென்றால் தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, ஓர் இரவு காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டாலே அவை மீண்டும் உடுத்தத் தகுதியாகிவிடும். கம்பளித் துணிக்கு இந்த ஒருநாள் ஓய்வு இன்னொரு வகையிலும் நல்லது: முழங்கையிலும் முட்டியிலும் தளர்ந்த இடங்கள் அதற்குள் பெருமளவு பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும்.

ஒவ்வொரு சலவையிலும் துணி தன் இழைகளில் சிலவற்றை இழக்கிறது. ட்ரையரின் வடிகட்டியில் படியும் பஞ்சு வேறெங்கிருந்தும் வந்ததன்று, அது உங்கள் சட்டையேதான். அதற்காக வியர்வை படிந்த துணியை மாதக்கணக்கில் துவைக்காமல் அலமாரியில் வைப்பதும் தவறு. அதன் விளைவை 20ஆம் கேள்வியில் காணலாம்.

2. உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டில் உள்ள படங்கள் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. என்ன அர்த்தம்?

அடிப்படைப் படங்கள் ஐந்துதான். நீர்த்தொட்டி துவைப்பதையும், முக்கோணம் வெளுப்பதையும், சதுரம் உலர்த்துவதையும், இஸ்திரிப் பெட்டி தேய்ப்பதையும், வட்டம் சலவை நிலையத்தில் செய்யப்படும் தொழில்முறைச் சலவையையும் குறிக்கின்றன. 1963இல் பாரிஸில் தொடங்கப்பட்ட கினெடெக்ஸ் என்னும் பன்னாட்டுச் சங்கம் இவற்றைப் பரப்பியது. ஐஎஸ்ஓ 3758 என்ற பன்னாட்டுத் தரநிலையும் இவற்றையே பின்பற்றுகிறது.

தொட்டிக்குள் 40 என்று இருந்தால், 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது என்றுதான் பொருள்; 40இல்தான் துவைக்க வேண்டும் என்று பொருளன்று. பலர் இதை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். தொட்டிக்குக் கீழே ஒரு கோடு இருந்தால் மென்மையாகவும், இரண்டு கோடுகள் இருந்தால் மிக மென்மையாகவும் துவைக்க வேண்டும். தொட்டிக்குள் கை வரைந்திருந்தால் கைச்சலவை. முக்கோணத்துக்குள் இரண்டு சாய்கோடுகள் இருந்தால் குளோரின் இல்லாத வெளுப்பான் மட்டும். சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் அது ட்ரையரைக் குறிக்கும். இஸ்திரிப் பெட்டியில் உள்ள புள்ளிகள் கூடக்கூட அனுமதிக்கப்படும் சூடும் கூடும். எந்தப் படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தாலும் அதைச் செய்யவே கூடாது.

3. கழுத்தில் உறுத்தியது என்று சீட்டை வெட்டி எறிந்துவிட்டேன். இப்போது அது என்ன துணி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உள்தையலின் ஓரத்திலிருந்து ஓர் அங்குல நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, உலோகத் தட்டின் மேலே தீயில் காட்டிப் பாருங்கள்; பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மென்மையான சாம்பலாக உதிர்ந்தால் அது பருத்தி, லினன், ரேயான் ஆகிய செல்லுலோஸ் வகை. முடி பொசுங்கும் வாடை வந்து, தீயை விலக்கியதும் தானாக அணைந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் அது புரத இழையான கம்பளி அல்லது பட்டு. உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர் அல்லது நைலான். கலப்புத் துணியில் இரண்டு அடையாளங்களும் சேர்ந்து தெரியும்.

பருத்தியையும் ரேயானையும் பிரித்தறிய இன்னொரு சோதனை உண்டு. நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள். பருத்தி நூல் ஈரத்தில் இன்னும் உறுதியாகும். சாதாரண ரேயான் நூலோ தன் வலிமையில் ஏறக்குறையப் பாதியை இழந்து எளிதில் அறுந்துவிடும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள், கீழே பல விடைகளுக்கு இதுவே அடிப்படை.

4. சலவைத்தூளைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் இன்னும் சுத்தமாகும்தானே?

ஆகாது. அழுக்கைப் பிரித்தெடுக்கத் தேவையான அளவைத் தாண்டினால், மிஞ்சும் தூள் அலசும்போது முழுவதும் வெளியேறாமல் இழைகளுக்கிடையே தங்கிவிடுகிறது. துணி விறைப்பாகவும் மங்கலாகவும் மாறுகிறது. தங்கிய பிசுக்கு அடுத்த அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. இயந்திரத்திலோ, அதிக நுரை மெத்தைபோல் நின்று துணிகள் சரியாக அலசப்படாமல் தடுக்கும். துவைத்து உலர்ந்த ஒரு துண்டைத் தூள் ஏதும் போடாமல் வெதுவெதுப்பான நீரில் அலசிப் பாருங்கள். நுரை வந்தால் நீங்கள் போடும் அளவு மிகை.

உப்புநீர் என்று நாம் சொல்லும் கடின நீரில் மட்டும் கணக்கு சற்று மாறும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகித் துணியில் ஒட்டுவதால்தான் வெள்ளைத் துணி நாளடைவில் சாம்பல் பூக்கிறது. அத்தகைய நீருக்குச் சோப்புக் கட்டியைவிடச் சலவைத்தூளே ஏற்றது. உறையில் கடின நீருக்கென்று தனியளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றலாம்.

5. வெந்நீரில் துவைப்பதா, தண்ணீரிலா?

அன்றாட அழுக்குக்குக் குளிர்ந்த நீரோ 30 டிகிரி நீரோ போதும். இன்றைய சலவைத்தூள்களில் புரதத்தையும் மாவுப்பொருளையும் கொழுப்பையும் சிதைக்கும் நொதிகள் சேர்க்கப்படுவதால் பழைய காலத்துக் கொதிநீர் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. சூடு கூடினால் சாயமும் தளரும், எலாஸ்டிக்கும் தளரும். நோயாளியின் துணிகள், படுக்கை விரிப்புகள், துண்டுகள் போன்றவற்றை மட்டும், துணி தாங்குமானால், 60 டிகிரியில் துவைப்பது பொருத்தம். தூசிப் பூச்சிகள் அந்தச் சூட்டில் மடிந்துவிடும்.

6. கையால் துவைப்பதுதானே துணிக்கு நல்லது? மெஷின் கிழித்துவிடுகிறது என்கிறார்கள்.

எந்தக் கை, எந்த மெஷின் என்பதைப் பொறுத்தது. கல்லில் அடித்து, கழுத்துப்பட்டியைக் கெட்டித் தூரிகையால் தேய்த்து, கடைசியில் முறுக்கிப் பிழியும் கையைவிட, மென்சுழற்சியில் ஓடும் இயந்திரம் எவ்வளவோ மேல். குறிப்பாக ரேயானையும் பட்டையும் முறுக்கிப் பிழியவே கூடாது. மூன்றாம் விடையில் சொன்னதுபோல் ரேயான் ஈரத்தில் பாதி பலம்தான் கொண்டது. அந்த நிலையில் முறுக்குவது அதன் நூல்களை நாமே அறுப்பதற்குச் சமம். உலர்ந்த துண்டின்மேல் விரித்து, சுருட்டி அழுத்தினால் ஈரம் துண்டுக்கு ஏறிவிடும்.

இயந்திரத்தில் துணியைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் போடும் முறைதான். கனமான ஜீன்ஸையும் மெல்லிய மேற்சட்டையையும் ஒன்றாகப் போட்டால் ஜீன்ஸின் உலோகப் பித்தான்களும் ஜிப்பும் மெல்லிய துணியை உரசித் தள்ளும். ஜிப்பையும் கொக்கியையும் பூட்டிவிட வேண்டும். சட்டைப் பித்தான்களை மட்டும் அவிழ்த்துவிட வேண்டும், இல்லையேல் சுழலும்போது காஜா இழுபட்டுக் கிழியும். உள்ளாடைகளுக்கும் மெல்லிய துணிகளுக்கும் வலைப்பை நல்லது. துணிகளுக்கு மேல் ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள். நடுவில் தண்டு நின்று துணியைப் புரட்டும் வகை இயந்திரங்களைவிட, முன்பக்கம் திறக்கும் வகை பொதுவாகத் துணிக்கு மென்மையானது.

7. புதுத் துணியை உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையா?

இந்த ஒரு கேள்விக்கு நான் எத்தனை முறை விடை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. உப்புக்கும் சாயத்துக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது சாயப்பட்டறையில் முடிந்துவிடுகிற தொடர்பு. சாயத் தொட்டியில் உப்பைப் போடுவது, நீரில் கரைந்திருக்கும் சாயத்தைப் பருத்தி இழையை நோக்கித் தள்ளுவதற்காக. சாயமேற்றி முடிந்த துணியில், இழையோடு பிணையாமல் தங்கிவிட்ட மிகைச் சாயத்தை உப்பு புதிதாகப் பிணைத்துவிடாது. 1956இல் சந்தைக்கு வந்த வினைபுரி சாயங்கள் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பே கொள்பவை; அவற்றில் முதல் சில சலவைகளில் இறங்குவது பிணையாத மிச்சம்தான். வினிகரும் அப்படியே. கம்பளி, பட்டு, நைலான் ஆகியவற்றுக்கு உரிய அமிலச் சாயங்களில் அதற்குச் சிறிது வேலை உண்டு, பருத்தியில் இல்லை.

எனவே முதல் இரண்டு மூன்று முறை தனியாக, குளிர்ந்த நீரில், ஊறவிடாமல் துவைத்து எடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் உள்தையலை அழுத்தித் தேய்த்துப் பார்த்து, நிறம் ஒட்டவில்லையென்றால் மற்றவற்றோடு சேர்க்கலாம். ஜீன்ஸின் அவுரி நீலம் மட்டும் விதிவிலக்கு: அது நூலின் வெளிப்புறத்திலேயே தங்குவதால் ஆயுள் முழுவதும் உரசலில் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். ஒரு துணியின் சாயம் இன்னொன்றில் ஏறிவிட்டால், உலரவிடாமல் உடனே மறுபடி துவைக்க வேண்டும். உலர்ந்து, அதிலும் சூட்டில் உலர்ந்துவிட்டால், அதை எடுப்பது மிகவும் கடினம்.

8. சாயம் போகாத கறுப்புச் சட்டைகூட ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாகிவிடுகிறதே?

பல நேரங்களில் அங்கே போனது சாயமன்று. உரசலில் இழைகள் அறுந்து மேற்பரப்பில் மயிர்போல் எழுந்து நிற்க, அவை ஒளியைச் சிதறடிப்பதால் கறுப்பு வெளிறியதுபோல் தெரிகிறது. உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பித் துவைப்பது இதற்கு எளிய மருந்து. செல்லுலேஸ் என்னும் நொதி கலந்த சலவைத்தூள் பருத்தியின் மேலெழுந்த இழை நுனிகளைக் கத்தரித்து நிறத்தைத் தெளிவாக்கும். வெண்மைக்கான தூள்களில் புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக வெளிவிடும் பொருள்கள் இருக்கும். அவை கறுப்புத் துணிக்குத் தேவையே இல்லை.

9. வெள்ளைச் சட்டை மஞ்சளடித்துப் போகிறது. ப்ளீச் ஊற்றலாமா?

குளோரின் ப்ளீச் எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டை நான் கடைசிப் புகலாகவே வைத்திருப்பேன். பருத்தியையே அது ஒவ்வொரு முறையும் சிறிது நலியச் செய்கிறது. கம்பளியையும் பட்டையும் கரைத்தே விடும். எலாஸ்டேன் என்னும் நீளும் இழை கலந்த துணியை மஞ்சளாக்கி நசியவைக்கும். மஞ்சளைப் போக்க ஊற்றியது மஞ்சளைக் கூட்டிவிடுவது இப்படித்தான். அதற்குப் பதில் சோடியம் பெர்கார்பனேட் என்னும் ஆக்சிஜன் வெளுப்பானை 40 முதல் 60 டிகிரி நீரில் கரைத்து, பருத்தி, லினன், பாலியஸ்டர் துணிகளைச் சில மணி நேரம் ஊறவைக்கலாம். குளிர்ந்த நீரில் அது மெதுவாகவே வேலை செய்யும். கம்பளிக்கும் பட்டுக்கும் இதுவும் வேண்டாம், ஏனெனில் அதன் காரத்தன்மை புரத இழைக்குப் பகை.

அக்குளில் வரும் மஞ்சள் தனி வகை. வியர்வையைத் தடுக்கும் பூச்சுகளில் உள்ள அலுமினிய உப்புகள் வியர்வையோடு சேர்ந்து படிவதால் அது உண்டாகிறது. பூச்சு நன்கு காய்ந்த பின் சட்டையைப் போடுவதும், கழற்றிய அன்றே அந்த இடத்தை அலசுவதும் பின்னால் செய்யும் எல்லா வைத்தியத்தையும்விடப் பயன் தரும். நீலம் போடுவதால் மஞ்சள் போவதில்லை, கண்ணுக்கு மறைகிறது. அதில் தீங்கு ஒன்றுமில்லை.

ஓர் எச்சரிக்கை: குளோரின் ப்ளீச்சை வினிகரோடோ, அமிலம் கலந்த கழிப்பறைத் திரவங்களோடோ, அம்மோனியா உள்ள பொருள்களோடோ ஒருபோதும் கலக்காதீர்கள். மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும்.

10. எந்தக் கறைக்கு என்ன போடுவது? ஒரே பொருளால் எல்லாம் போகுமா?

போகாது. கறையின் தன்மையை அறியாமல் முதலில் வெந்நீரை ஊற்றுவதுதான் பெரும்பாலும் நடக்கும் பிழை. இரத்தம், பால், முட்டை போன்ற புரதக் கறைகள் சூட்டில் உறைந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்குக் குளிர்ந்த நீரும் நொதியுள்ள தூளும்தான். எண்ணெய்க் கறைக்கு மாறாக, தண்ணீர் படும் முன்பே பாத்திரம் கழுவும் திரவத்தை நேராகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, துணி தாங்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும். பால்பாயிண்ட் மைக்கு ஆல்கஹால் கலந்த கைத்தூய்மைத் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஒற்றலாம். நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோனை அசிட்டேட் துணியில் பட விடாதீர்கள். கறையோடு துணியும் கரைந்துவிடும். இரும்புத் துருவுக்கு ப்ளீச் போட்டால் கறை இன்னும் நிலைத்துவிடும். சிட்ரிக் அமிலக் கரைசலே அதற்குரியது.

எந்தக் கறையாக இருந்தாலும் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. எதையும் முதலில் உள்தையலில் சோதித்துப் பாருங்கள். கறை முழுதும் போனதா என்று பார்க்காமல் இஸ்திரி போட்டுவிட்டால், பிறகு என்னைப் போன்றவர்களிடம் வந்து அந்த இடத்தில் பூவேலை செய்து மறைத்துத் தரச் சொல்ல வேண்டியதுதான்.

11. உடற்பயிற்சி உடை, துவைத்து எடுத்த பிறகும் போட்டவுடனே நாறுகிறது. ஏன்?

பெரும்பாலும் அது பாலியஸ்டராக இருக்கும். தண்ணீரை விலக்கி எண்ணெயைப் பிடித்துக்கொள்வது அந்த இழையின் இயல்பு. ஆகவே உடலின் எண்ணெய்ப் பசையும் அதை உண்டு வாழும் நுண்ணுயிரிகளும் சாதாரணச் சலவையில் முழுதாக நீங்குவதில்லை. உடல் சூடு பட்டதும் வாடை எழுகிறது. ஈரத்தோடு பையில் சுருட்டி வைக்காமல் கழற்றியதும் விரித்துப் போடுங்கள், உட்புறத்தைத் திருப்பித் துவையுங்கள், துவைக்கும் முன் நொதியுள்ள தூளில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அடுத்த விடையில் வரும் பொருளை இதில் சேர்க்கவே வேண்டாம்.

12. துணி மென்மையாக இருக்க சாஃப்ட்னர் ஊற்றுகிறேன். அது நல்லதுதானே?

சாஃப்ட்னர் துணியை மென்மையாக்குவதில்லை. இழையின் மேல் வழுவழுப்பான படலம் ஒன்றைப் பூசுகிறது. அந்தப் படலத்தால் துண்டு நீரை உறிஞ்சாது, விளையாட்டு உடை வியர்வையைக் கடத்தாது. தீப்பற்றாதபடி பதப்படுத்தப்பட்ட குழந்தைகளின் இரவு உடைகளில் அந்தப் பாதுகாப்பும் குறைந்துவிடும். துண்டு விறைப்பாக இருந்தால் முதலில் நான்காம் விடையில் சொன்ன மிகைத் தூளைச் சந்தேகியுங்கள்.

13. கம்பளி ஸ்வெட்டர் குழந்தை சட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. மீட்க முடியுமா?

என்னிடமே அப்படி ஒன்று இருக்கிறது. தையல் தொழிலில் இத்தனை ஆண்டு இருந்தும், அவசரத்தில் அதைத் துண்டுகளோடு வெந்நீர்ச் சுழற்சியில் போட்டுவிட்டேன். இப்போது அது குண்டூசி குத்தி வைக்கும் மெத்தையாகப் பயன்படுகிறது.

கம்பளி இழையின் மேல் ஓட்டுக்கூரைபோல் அடுக்கடுக்கான செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் அசைவும் ஒன்றுசேரும்போது அச்செதில்கள் ஒன்றையொன்று கவ்வி ஒரே திசையில் நகர்ந்து இறுகிவிடுகின்றன. முற்றிலும் இறுகிக் கெட்டித் துணிபோல் ஆனதைப் பிரிக்க வழியில்லை. சிறிதளவே சுருங்கியிருந்தால், வெதுவெதுப்பான நீரில் தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரைக் கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்து, துண்டில் ஒற்றி, மெல்ல இழுத்து வடிவமைத்து, தட்டையாக விரித்து உலரவிடலாம். ஓரளவு திரும்பும், முழுதாகத் திரும்பாது. வருமுன் காக்க வேண்டுமானால் குளிர்ந்த நீர், கம்பளிக்குரிய திரவம், குறைந்த அசைவு இம்மூன்றும் போதும். ஊறவைக்கும் நீரும் அலசும் நீரும் ஒரே சூட்டில் இருக்கட்டும்.

14. பருத்திக்குச் செதில் கிடையாதே, அது ஏன் சுருங்குகிறது?

நெய்யும்போதும் பின்னும்போதும் நூல் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். முதல் முறை நன்றாக நனைந்து தளரும்போது அந்த இழுவை விடுபட்டு, நூல் தன் இயல்பான நீளத்துக்குத் திரும்புகிறது. இதை ஆலையிலேயே முடித்துவிடும் முறையை அமெரிக்கரான சான்ஃபோர்ட் க்ளூயட் உருவாக்கி 1930இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயராலேயே அது சான்ஃபரைசிங் எனப்படுகிறது. அவ்வாறு பதப்படுத்தாத துணியை, முக்கியமாகப் பின்னல் துணியை, தைக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை நனைத்து உலர்த்திவிடுங்கள். வாங்கிய பனியன் நீளத்தில் குறைந்தால் ஈரமாக இருக்கும்போதே இழுத்துவிட்டுத் தட்டையாக உலர்த்தினால் பெரும்பகுதி மீளும்.

15. ஸ்வெட்டரில் சின்னச் சின்னப் பஞ்சு உருண்டைகள் வருகின்றன. துணி மட்டமா?

எப்போதும் அப்படிச் சொல்ல முடியாது. குட்டையான இழைகள் உரசலில் வெளியே வந்து சுருண்டு உருண்டையாகின்றன. விலையுயர்ந்த மென்கம்பளியிலும் இது நேரும். தூய கம்பளியில் அவை நாளடைவில் தாமாகவே உதிரும். பாலியஸ்டர் கலந்த துணியில் வலுவான செயற்கை இழை உருண்டையைக் கட்டிப் பிடித்து வைத்துக்கொள்வதால் அவை உதிர்வதில்லை. கையால் பிய்த்தால் மேலும் இழை வெளியே வரும். துணியைத் தட்டையாக விரித்து, அதற்கென உள்ள சிறு சவரக் கருவியால் அழுத்தாமல் எடுங்கள்.

16. நல்ல வெயிலில் காயப்போட்டால்தான் கிருமி போகும் என்கிறார்கள். ஆனால் நிறம் போகிறதே?

இரண்டும் உண்மை. வெள்ளைப் பருத்திக்கும் படுக்கை விரிப்புக்கும் வெயில் நல்லது. சாயமேற்றிய துணியில் புற ஊதாக் கதிர் சாய மூலக்கூறுகளைச் சிதைக்கும். பட்டு, நைலான் இழைகளையே அது பலவீனமாக்கும். அவற்றை உட்புறம் திருப்பி, நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். உலர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். கொடியிலேயே இரண்டு நாள் கிடப்பது துவைப்பதைவிட அதிகமாக நிறத்தைத் தின்னும்.

ட்ரையர் பயன்படுத்துபவர்கள் குறைந்த சூட்டில் வைத்து, இலேசான ஈரம் இருக்கும்போதே எடுத்துத் தொங்கவிடலாம். முற்றிலும் காய்ந்த பிறகும் சுழலும் ஒவ்வொரு நிமிடமும் வீண் உரசல்.

17. கறுப்புக் கால்சட்டையில் இஸ்திரி போட்ட இடம் மட்டும் பளபளக்கிறது. போக்க முடியுமா?

சூடும் அழுத்தமும் இழைகளைத் தட்டையாக நசுக்கியதால் அந்த இடம் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்புகிறது. கம்பளியாக இருந்தால் நீராவி காட்டி, மென்தூரிகையால் இழைகளை எழுப்பினால் பெரும்பாலும் சரியாகும். பாலியஸ்டராக இருந்தால் மேற்பரப்பு இளகியே போயிருக்கும், அது திரும்பாது. இனி உட்புறம் திருப்பியோ மேலே மெல்லிய பருத்தித் துணியை விரித்தோ தேயுங்கள். லினனும் பருத்தியும் இலேசான ஈரத்தில் குறைந்த முயற்சியிலேயே படியும். பல துணிகள் இருந்தால் குறைந்த சூடு தேவைப்படுபவற்றில் தொடங்கி மேலே போவது பாதுகாப்பானது.

18. எதை ஹேங்கரில் மாட்டுவது, எதை மடிப்பது?

பின்னிய துணிகளை மடியுங்கள், நெய்த துணிகளை மாட்டுங்கள். ஸ்வெட்டரை மாட்டினால் தன் எடையாலேயே நீண்டு, தோளில் ஹேங்கரின் முனை புடைத்து நிற்கும். கோட்டுக்குக் கம்பி ஹேங்கர் கூடாது, தோளின் அகலத்துக்கு ஏற்ற தடித்த ஹேங்கர் வேண்டும்.

19. 'ட்ரை க்ளீன் மட்டும்' என்று போட்டிருந்தால் வீட்டில் துவைக்கவே கூடாதா?

உலர் சலவை என்பது உண்மையில் உலர்ந்தது அன்று. தண்ணீருக்குப் பதிலாகப் பெர்குளோரோஎத்திலீன் போன்ற கரிமக் கரைப்பானில் துணி நனைக்கப்படுகிறது. எண்ணெய்ப் பசை அதில் எளிதில் போகும். வியர்வையின் உப்பும் சர்க்கரைக் கறையும் அவ்வளவு எளிதில் போகா. கறை எதுவென்று கடைக்காரரிடம் சொல்லிக் கொடுப்பதால் உண்மையிலேயே பயன் உண்டு.

உள்துணியும் விறைப்புத் துணியும் வைத்துத் தைத்த கோட்டு, மடிப்பு வேலை செய்த பட்டு, சரிகை மிகுந்த ஆடை ஆகியவற்றில் நான் அந்த எச்சரிக்கையை மீற மாட்டேன். ஏனெனில் ஒவ்வொரு அடுக்கும் வெவ்வேறு அளவில் சுருங்கி வடிவம் குலைந்துவிடும். உள்துணி இல்லாத எளிய கம்பளி அல்லது ஒற்றை நிறப் பட்டு என்றால், ஏழாம் விடையில் சொன்ன ஈரத்துணிச் சோதனையைச் செய்து, நிறம் ஒட்டாவிட்டால், குளிர்ந்த நீரில் மென்திரவத்தால் அலசிப் பார்ப்பதுண்டு. அது என் பொறுப்பில் என் துணிக்கு. பிறர் துணியில் செய்ய மாட்டேன். கடையிலிருந்து வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, காற்றாடவிட்ட பிறகே அலமாரியில் வையுங்கள்.

20. அலமாரியில் வைத்த துணியில் ஓட்டை ஓட்டையாக விழுகிறது. அந்துருண்டை போட்டால் போதுமா?

முதலில் யார் தின்றது என்று பாருங்கள். கம்பளியில் ஓட்டை என்றால் அந்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை, முட்டையிலிருந்து வரும் புழுதான் கம்பளியின் கெரட்டின் புரதத்தை உண்கிறது. கஞ்சி போட்ட பருத்தியின் மேற்பரப்பு அரிக்கப்பட்டிருந்தால் இராமபாணப் பூச்சியைச் சந்தேகிக்கலாம். அதற்கு மாவுப்பொருள் பிடிக்கும். எனவே நீண்ட நாள் எடுத்து வைக்கும் துணிக்குக் கஞ்சி போடாதீர்கள். வியர்வையும் உணவுத் துளியும் படிந்த துணியைத்தான் இவை முதலில் தேடி வருகின்றன. துவைத்து, துளி ஈரமும் இல்லாமல் உலர்த்தி, பிறகே எடுத்து வைக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான். ஈரம் மிஞ்சினால் பூச்சிக்கு முன்பே பூஞ்சை வந்து கரும்புள்ளி போட்டுவிடும்.

அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் ஆவி காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைபட்டால்தான் பூச்சியைக் கொல்லும். திறந்து மூடும் அலமாரியில் அது நம் மூச்சுக்கே போகிறது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியது. குழந்தைத் துணிகளோடு அதை வைக்கவே வேண்டாம். கம்பளித் துணியைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, கழித்தல் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் அழியும்.

21. பத்திரமாக மடித்து வைத்த பட்டு, மடிப்பிலேயே கிழிகிறது. தொடவேயில்லையே?

தொடாததுதான் காரணம். ஒரே கோட்டில் ஆண்டுக்கணக்கில் மடிந்திருந்தால் அங்குள்ள இழைகள் இடைவிடாத அழுத்தத்தில் இருந்து முறிகின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, காற்றாடவிட்டு, மடிப்பை இடம் மாற்றி, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். மிகப் பழைய பட்டில் இன்னொரு காரணமும் இருக்கலாம்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டுக்கு எடை கூட்டுவதற்காக வெள்ளீயம் போன்ற உலோக உப்புகளை ஏற்றும் வழக்கம் இருந்தது. அத்தகைய துணி எவ்வளவு பேணினாலும் சருகுபோல் நொறுங்கும்.

22. நீட்சி ஜீன்ஸ் முட்டியில் தொளதொளத்து, தொடையில் அலை அலையாக நிற்கிறது. தைத்துச் சரிசெய்ய முடியுமா?

முடியாது, இதைச் சொல்லும்போது எனக்கும் வருத்தம்தான். 1958இல் ஜோசப் ஷிவர்ஸ் என்னும் வேதியியலாளர் டூபாண்ட் நிறுவனத்தில் உருவாக்கிய எலாஸ்டேன் இழைதான் அந்த நீட்சியைத் தருகிறது. அது சூட்டாலும் குளோரினாலும் நாளடைவில் நசிந்து அறுகிறது. அறுந்த இடங்கள்தான் அலையாகத் தெரிகின்றன. புதிதாக வாங்கியதைக் காக்க வேண்டுமானால் ட்ரையர், வெந்நீர், சூடான இஸ்திரி மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். நீச்சல் உடையைக் குளத்திலிருந்து ஏறியதுமே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

23. ஒரு கிழிசலை எப்போது தைக்கலாம், எப்போது விட்டுவிடலாம்?

கிழிசலைச் சுற்றியுள்ள துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அந்த இடமும் மற்ற இடங்களைப் போலவே அடர்த்தியாக இருந்தால், ஆணியில் மாட்டிக் கிழிந்தது போன்ற ஒரு விபத்துதான் அது. தைத்தால் பல ஆண்டு நிற்கும். சல்லடைபோல் ஒளி ஊடுருவினால் துணியே நைந்திருக்கிறது. அங்கே வெறும் தையல் போட்டால் தையல் நிற்கும், அதன் ஓரத்தில் துணி கிழியும். உட்பக்கம் ஒட்டுத்துணி வைத்து, நைந்த பகுதியைத் தாண்டி நல்ல துணி வரை இழையோட்ட வேண்டும். ஜீன்ஸின் உள்தொடைக்கு இதை ஓட்டை விழுந்த பிறகு செய்வதைவிட, மெலிந்ததும் செய்வது பாதி வேலை, இரட்டைப் பலன்.

தையலுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் பிடித்து இலேசாக இழுக்கும்போதே நூல் பிரிந்தால் அதைத் தைக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவர வேண்டாம். பித்தான்களையும் ஜிப்பையும் வெட்டி எடுத்துவிட்டு, நைந்து போகாத முதுகுப் பகுதியை மட்டும் கொண்டுவாருங்கள். அடுத்த துணிக்கு ஒட்டுப் போட, பலமுறை துவைத்து இனிச் சுருங்க வழியில்லாத அந்தத் துண்டைவிடப் பொருத்தமானது கிடைக்காது.